அந்தப் பதினோரு பேரிங் எந்த ஊர்

போன மாதம் திவ்யா கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்திருந்தாள். நான் வேலை பார்த்த ரயில் எஞ்சின் ஷெட்டின் கிடங்கில், என் நாற்காலியில் இப்போது உட்காருகிறவள் அவள்தான். அம்மாவையும் அத்தையையும் மூன்றாவது கடையில் விட்டுவிட்டு என் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவர்களுக்கு இன்னும் நிறமே முடிவாகவில்லையாம்.

என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"சார், கன்ட்ரி ஆஃப் ஆரிஜின், எந்த நாட்டுல செஞ்சதுன்னு ஒரு கட்டம் இருக்குதுல்ல, அத நீங்க எப்படி சார் செக் பண்ணுவீங்க? இப்ப எல்லாம் போர்ட்டல்லயே வந்துடுது. சப்ளையரே நாட்டை செலக்ட் பண்ணிடறாரு. நாங்க டிக் போட்டா முடிஞ்சிது."

"டிக் போடறதுக்கு முன்னாடி சரக்கப் பாக்கறியாமா?"

"பெட்டியப் பாப்பேன் சார்."

"பெட்டியில என்னா போட்டிருக்கும்?"

"அவரு செலக்ட் பண்ண நாடுதான் சார் போட்டிருக்கும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகும்போது, "உங்களுக்குத் தெரிஞ்சத எழுதிக் குடுங்க சார், டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் யூஸ் ஆவும்" என்றாள்.

சோதிக்கும் முறையை ஒரே பக்கத்தில் எழுதி மறுநாளே அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கத்தில் சேராதது ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓர் எஞ்சின் ஒரே ஊரில் செய்ததல்ல. உடம்பு இங்கே, மோட்டாருக்குள் இருக்கும் பேரிங் ஒரு நாடு, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் இன்னொரு நாடு, மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் தகடு வேறொரு நாடு. ஆர்டரில் எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதியிருக்கிறதோ அந்த நாட்டுச் சரக்குதான் வரவேண்டும். வந்தது அதுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஷெட்டில் இதையெல்லாம் நீட்டிச் சொல்ல மாட்டோம். பெட்டியைக் காட்டி, "இது எந்த ஊரு?" என்று கேட்போம். பெண் பார்க்கப் போன இடத்தில் விசாரிப்பது போலத்தான் இருக்கும்.

என் அப்பா பெரிய காஞ்சிபுரத்தில் பாத்திரங்களுக்கு ஈயக் கலாய் பூசியவர். நான் ஐடிஐ படித்துவிட்டு ஷெட்டில் கலாசியாகச் சேர்ந்தேன். பெட்டி இறக்குவது, ஆணி பிடுங்குவது, அடுக்குவது. அப்படியே எட்டு வருடம் போனது. பிறகு துறைத் தேர்வு எழுதி, சரக்கு சோதிக்கும் மேசைக்கு வந்தேன். அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும்.

பெட்டி உடைத்த எட்டு வருடமும் வீண் இல்லை. மேசைக்கு வந்த புதிதில் ஒரு சரக்கு வந்தது. ஜெர்மனியிலேயே சீல் வைத்த பெட்டி என்று காகிதம் சொல்லியது. உள்ளே எஞ்சினின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் சுருள்கள். ஆடாமல் இருக்க நடுவில் காகிதத்தைக் கசக்கி அடைத்திருந்தார்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். தெலுங்குப் பேப்பர். எனக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அதிலிருந்த சினிமா நடிகையின் முகம் தெரியும். பேப்பரை இஸ்திரி போட்டாற்போல் நீவி, குறிப்போடு சேர்த்துப் பின் குத்தி அனுப்பினேன். அப்போதிருந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சரக்கு மொத்தமும் அன்றே திரும்பிப் போனது. இந்த வேலையில் உண்மையைக் கண்டுபிடித்தால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று பல வருடம் நம்பியதற்கு அந்தத் தெலுங்குப் பேப்பர்தான் காரணம்.

பேரிங் சோதிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். எஞ்சினின் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாரின் தண்டு ஆடாமல் உருள்வதற்காக இரண்டு பக்கமும் மாட்டுகிற வளையம்தான் பேரிங். வெளி வளையம், உள் வளையம், நடுவில் உருளைகள், உருளைகளைப் பிரித்து வைக்கப் பித்தளைக் கூடு. கைக்குழந்தை எடை இருக்கும். வளையத்தின் பக்கவாட்டு முகத்தில் எண், நாடு, தயாரான காலத்துக்கான குறியெழுத்து மூன்றையும் பொறித்திருப்பார்கள்.

முதலில் காகிதம். தயாரித்தவரின் சான்றிதழ், அந்த நாட்டு வணிகச் சங்கத்தின் சான்றிதழ், துறைமுகத்தில் சுங்கம் கட்டிய தாள். மூன்றிலும் எண் ஒன்றா என்று பார்ப்பேன். வளையத்தில் இருக்கும் காலக் குறியையும் கப்பல் ஏறிய தேதியையும் ஒப்பிடுவேன். கப்பல் கிளம்பிய பிறகு பிறந்த பேரிங்குகளை நானே இரண்டு முறை பிடித்திருக்கிறேன். பிறகு துணியால் எண்ணெயைத் துடைத்து, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடியை வைத்து எழுத்துகளைப் பார்ப்பேன். அசல் எழுத்தின் அடித்தளம் ஒரே சீராக இருக்கும். பழைய முகத்தைச் சாணைபிடித்து அழித்துவிட்டு மேலே பொறித்தது என்றால், எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், சுற்றியிருக்கும் சாணைக் கோடுகள் வேறு திசையில் ஓடும். கடைசியாக மைக்ரோமீட்டர். சாணை பிடித்த வளையம் முடியளவாவது மெலிந்திருக்கும். காகிதத்தைப் பொய் சொல்ல வைக்கலாம். இரும்பை அவ்வளவு சுலபத்தில் வைக்க முடியாது.

எனக்கு ஓய்வுக்கு ஆறு வருடம் இருந்தபோது தணிகாசலம் சார் கிடங்கு அதிகாரியாக வந்தார். அவரை மோசமான மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உள்ளே போனால் எழுந்து நிற்காத குறையாக, "வாங்க இலியாஸ், உக்காருங்க" என்பார். டீ சொல்லுவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி துடைத்து, அதற்குப் பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். கோப்பில் பேனாவால் எழுதமாட்டார். எல்லாம் பென்சில். ஒரு சிறிய துண்டுச் சீட்டில் 'பேசவும்' என்றோ 'ஆவன செய்யவும்' என்றோ எழுதிக் கோப்பின் மேல் செருகி அனுப்புவார். வேலை முடிந்து கோப்பு திரும்பியதும் சீட்டு அவர் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். சில சமயம் கோப்பின் ஓரத்திலேயே எழுதுவார். பிறகு ரப்பரால் அழித்துவிடுவார். தூளை ஊதித் தள்ளுவதுகூட மெதுவாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் நடக்கும்.

இனி மாணிக்கம். மோட்டார் பிரிவில் பிட்டர். தாமல்காரர். வீட்டில் நிலம் உண்டு, ஏரித் தண்ணீர் வந்தால் பயிர், இல்லாவிட்டால் இல்லை. விடிந்ததும் மொபெட்டில் காஞ்சிபுரம் ஸ்டேஷனுக்கு வருவார். நான் அங்கே ஏறுவேன். பத்தொன்பது வருடம் ஒரே வண்டி, ஒரே பெட்டி. வீட்டிலிருந்து வரும்போது அவருக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்கில் டீ கொண்டுபோவேன். ரம்ஜான் மாதத்தில் அந்தப் பிளாஸ்கை அவர் கொண்டுவருவார், எனக்கு முன்னால் குடிக்காமல் ஷெட்டுக்குள் போய்க் குடிப்பார். இதையெல்லாம் நாங்கள் பேசி முடிவு செய்ததில்லை.

ஒரு பேரிங்கை மாட்டும் பிட்டர், மின்சாரப் பேனாவால் வளையத்தின் முகத்தில் மாதத்தையும் தன் குறியையும் கீறவேண்டும். மற்றவர்கள் இங்கிலீஷில் ஓர் எழுத்துப் போடுவார்கள். மாணிக்கம் மட்டும் தமிழில் 'மா' என்று எழுதுவார். அந்தத் துணைக்காலின் வாலைக் கீழே இழுத்து ஒரு சுழி சுழிப்பார். தூண்டில் முள் போல இருக்கும்.

தணிகாசலம் சார் வந்த மூன்றாம் வருடம் பேரிங் தட்டுப்பாடு. நான்கு எஞ்சின்கள் மோட்டார் இல்லாமல் ஷெட்டில் நின்றன. மேலிடத்திலிருந்து தினமும் போன். அப்போதுதான் ஒரு சப்ளையரிடமிருந்து பன்னிரண்டு பேரிங் வந்தது. ஜெர்மனி. பெட்டி புதுசு, உள் காகிதம் புதுசு, எண்ணெய் வாசனைகூடச் சரியாக இருந்தது. காகிதங்களில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் கண்ணாடியை வைத்ததும் சாணைக் கோடுகள் தெரிந்தன. பன்னிரண்டிலும். மைக்ரோமீட்டரில் எல்லாமே அளவின் கீழ் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன; தள்ளவும் முடியாது, கொள்ளவும் மனம் வராது. ஏழாவது வளையத்தில் மட்டும் சாணை பிடித்தவன் கை தவறியிருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சம் ஒரு கோணத்தில் விழும்போது, ஜெர்மனி என்ற எழுத்துக்குக் கீழே, மங்கலாக ஒரு கீறல் தெரிந்தது. ஒரு சுழி.

மாணிக்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எதுவும் சொல்லாமல் வளையத்தைக் கொடுத்தேன். அவரும் ஜன்னல் பக்கம் போனார். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாய், இது என் கை" என்றார்.

"நிச்சயமா?"

"என் எழுத்து எனக்குத் தெரியாதா? இத்த நான் மாட்டனது. கழட்டி கண்டம்னு, இனி ஆவாதுன்னு தூக்கிப் போட்டதும் நானாத்தான் இருப்பேன். இது எப்படி திரும்பி வந்துச்சு?"

எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆயுள் முடிந்த பேரிங்கைப் பழைய இரும்பாக ஏலம் விடும் முன், கேஸ் கட்டரால் இரண்டாக வெட்டவேண்டும் என்பது விதி. யாரும் மறுபடி உபயோகிக்கக் கூடாது என்பதற்காக. கடைசி ஏலத்தில் அந்த வேலையைச் செய்யவில்லை. முழுசாகவே லாரியில் ஏறிப் போயின. போனவை சாணைக்குப் போய், புது எழுத்து வாங்கிக்கொண்டு, புதுப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியிருந்தன. இருபத்தைந்து வருடம் எத்தனையோ சாமானின் ஊரைத் தேடியிருக்கிறேன். இந்த ஒன்றின் ஊர் என் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், முள் வேலிக்குப் பின்னால், பழைய இரும்புக் குவியலில் இருந்தது.

பன்னிரண்டையும் நிராகரித்து இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். மாலையே துண்டுச் சீட்டு வந்தது. 'பேசவும்.'

தணிகாசலம் சார் கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவை அதிக நேரம் துடைத்தார்.

"இலியாஸ், அந்த ஏழாம் நம்பர்ல ஒரு கோடு தெரியுதுன்னு எழுதியிருக்கீங்க. மத்த பதினொண்ணுல தெரியுதா?"

"எழுத்து தெரியல சார். சாணை பிடிச்சது தெரியுது."

"சாணை பிடிக்காம பேரிங் செய்ய முடியுமா?"

நான் சாணைக் கோட்டின் திசையைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். நடுவில் குறுக்கிடவே இல்லை.

"அளவு?"

"ஓரத்துல இருக்குது சார். உள்ளதான்."

"டாக்குமென்ட்?"

"சரியா இருக்குது."

"அப்ப நீங்க சொல்றது உங்க அனுமானம்." அவர் குரலில் கடுமை இல்லை. ஜுரம் வந்தவனிடம் பேசுவது மாதிரி இருந்தது. "அனுமானத்த வெச்சு நாலு எஞ்சின நிறுத்தி வெக்க முடியாது. ஏழாம் நம்பர நீங்க ரிஜெக்ட் பண்ணுங்க. காரணம் அளவு குறைவுன்னு எழுதிடுங்க. ஸ்கிராப், ஏலம், அதெல்லாம் இதுல வேணாம். அது வேற கோப்பு."

அந்த வேறு கோப்பில், பழைய இரும்பை வெளியே விடும் சீட்டில், இருந்தது அவர் கையெழுத்து. அவர் யாரிடமும் எதுவும் வாங்கியவர் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். படிக்காமல் போட்ட கையெழுத்தாக இருக்கும். அதை மூட இன்னொரு கையெழுத்து தேவைப்பட்டது. அது என்னுடையது.

என்னை அவர் மிரட்டவில்லை. தூர ஊருக்கு மாற்றுவேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் முறைத்துக்கொண்டு வெளியே வந்திருப்பேனோ என்னவோ. என் கோப்பை மேசைமேல் வைத்து, அதன் ஓரத்தில் பென்சிலால், 'ஆவணங்கள் சரி. மீதியை ஏற்கலாம்' என்று எழுதி, என் பக்கம் தள்ளினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. 'ஆவணங்களின்படி, தயாரான நாடு சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'ஆவணங்களின்படி' என்ற சொல் என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். என் கண்ணின்படி இல்லை, காகிதத்தின்படி. படிக்கிறவனுக்குப் புரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஏழாம் நம்பர் சப்ளையருக்குத் திரும்பிப் போனது. அதைப் படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை. போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஒன்று மட்டும் செய்தேன். பதினோரு எண்களையும் எழுதி, ஜெர்மனியில் உள்ள அந்தத் தொழிற்சாலைக்கு, இவை உங்களுடையவையா என்று கேட்டு மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, மாணிக்கம் கிடங்கு ஜன்னலுக்கு வந்தார். மோட்டாருக்கு பேரிங் எடுக்க. பெட்டியைப் பிரித்துக் கையில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அப்படியே என்னைப் பார்த்தார்.

"இது அன்னிக்கி வந்ததா பாய்?"

"இல்ல மாணிக்கம். அது திரும்பப் போயிடிச்சி. இது வேற லாட்டு."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி பாய்" என்று தோளில் வைத்துக்கொண்டு போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அவரிடம் உண்மையைச் சொன்னால் நான் கையெழுத்துப் போட்டதையும் சொல்லவேண்டும். அவர் முன்னால் அதைச் சொல்ல வெட்கம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு சரக்கு வண்டியின் எஞ்சினில், ஓடும்போதே, மோட்டார் இறுகிவிட்டது. பேரிங்கின் கூடு உடைந்து உருளைகள் சிக்கி, சக்கரம் சுற்றாமல் தண்டவாளத்தில் உரசிக்கொண்டே போயிருக்கிறது. புகையைப் பார்த்து டிரைவர் நிறுத்தினார். உதவி டிரைவர் அவசரமாக இறங்கும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. முப்பது வயதுகூட ஆகாதவர். அதற்குப் பிறகு அவர் எஞ்சின் ஏறவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

விசாரணை தொடங்கியது. பேரிங் ஏன் உடைந்தது? சரக்கு மட்டமாக இருக்கலாம், அல்லது மாட்டியவர் தவறாக மாட்டியிருக்கலாம். இரண்டில் ஒன்று. சரக்கு மட்டம் இல்லை என்பதற்கு என் கையெழுத்து இருந்தது. 'ஆவணங்களின்படி' என்ற சொல்லை யாரும் படிக்கவே இல்லை. உடைந்த துண்டுகள் கருகிப்போயிருந்தன; அவற்றில் படிக்க எதுவும் மிச்சம் இல்லை. மாட்டிய தேதிக்குப் பக்கத்தில், பதிவேட்டில், மாணிக்கத்தின் பெயர் இருந்தது. கிரீஸ் சரியாக வைக்கவில்லை என்று அவருக்குச் சார்ஜ் ஷீட் கொடுத்தார்கள்.

விசாரணை நாளுக்கு முன்பு கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்து அழிந்திருந்தது. காகிதம் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளுத்து, தடவினால் சொரசொரப்பாக இருந்தது.

விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர். தணிகாசலம் சார் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மாணிக்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரை வெள்ளைச் சட்டையில் நான் பார்த்தது குறைவு.

"சார், அந்த சரக்கே பழசு சார்" என்றார் அவர். "ஒரு பேரிங்குல என் எழுத்தே இருந்துச்சு. இலியாஸ் பாய்தான் கூப்டு காட்டனாரு. அப்புறம் மாட்டறதுக்கு பேரிங் எடுக்க வந்தப்ப, இது அதானான்னு கேட்டேன். இல்ல, வேற லாட்டுன்னு சொன்னாரு. அதனாலதான் மாட்டனேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "எழுத்து இருந்ததா?"

"ஒரு பேரிங் ரிஜெக்ட் ஆச்சு சார். அளவு குறைவுன்னு."

"வேற லாட்டுன்னு நீங்க சொன்னீங்களா?"

தணிகாசலம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவே இல்லை. ஆமாம் என்றால், ஏன் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் என் கையெழுத்தில் வந்து முடியும்.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

மாணிக்கம் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை அந்த முகத்தில். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வேறு யாரோ என்று தெரிந்துகொண்டவர் மாதிரி பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "எனக்கு வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல சார்" என்றார்.

அவரைப் பிட்டர் வேலையிலிருந்து இறக்கி, உதவியாளாக்கி, ரயில் பெட்டி கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். முப்பது வருடம் மோட்டார் பார்த்த கை. அன்றிலிருந்து வண்டியில் வேறு பெட்டியில் ஏறினார். நான் பிளாஸ்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகப் பழகினேன். ஒரு வருடம் கழுவிப் பார்த்துவிட்டு, அவரே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன மூன்றாம் மாதம் ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. தாமதத்துக்கு வருந்தியிருந்தார்கள். நான் அனுப்பிய பதினோரு எண்களில் ஒன்றுகூடத் தங்கள் பதிவில் இல்லை, அந்தக் காலக் குறி தாங்கள் உபயோகிப்பதே இல்லை, இவற்றை எந்த எஞ்சினிலும் மாட்டவேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். ஐந்து வரி. அதை அச்செடுத்து, இந்தத் தடவை நடந்தது எல்லாவற்றையும், ஏலம், சுழி, பென்சில், என் பொய் என ஒன்று விடாமல், மூன்று பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: 'சம்பந்தப்பட்ட வழக்கு ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டது.' என்மேல் நடவடிக்கைகூட எடுக்கவில்லை. எடுப்பார்கள் என்று உள்ளூர ஏங்கியிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மீதிப் பேரிங்குகளைப் பற்றி நேரில் போய்க் கேட்டேன். அவை வெவ்வேறு எஞ்சின்களில், வெவ்வேறு ஷெட்டுகளில், ஓடிக்கொண்டிருக்கின்றன. கழற்றித் தேட ஆள் இல்லை என்றார்கள். தணிகாசலம் சார் பதவி உயர்வில் போனார். வழியனுப்பு விழாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி நிதானமான ஆள் கெடைக்கறது கஷ்டம் இலியாஸ்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

நான் ஓய்வு பெற்றுச் சில வாரம் கழித்துத் தாமலுக்குப் போனேன். ஜெர்மன் கடிதத்தின் நகலும் என் மூன்று பக்கமும் ஒரு கவரில் இருந்தன. மாணிக்கத்தின் வீடு ஏரிக்கரைத் தெருவில். அவர் வாசலில் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் யார் மோட்டார் நின்றாலும் அவரிடம் கொண்டுவருகிறார்கள் போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை எடுத்துப் போட்டார். "வா பாய்" என்றார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

கவரைக் கொடுத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்தார். "இங்கிலீஷா இருக்குதே, நீயே சொல்லு" என்றார். சொன்னேன். என் மூன்று பக்கத்தையும் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி எனக்கு ஞாபகம் இருந்துச்சு மாணிக்கம்" என்றேன்.

"தெரியும் பாய்."

"கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது."

"கையெழுத்த வுடு. ஆபீசுன்னா போடச் சொல்லுவான், போடத்தான் வேணும். நான் அதுக்குச் சொல்லல." அவர் கீழே கிடந்த ஒரு நட்டை எடுத்துப் பழந்துணியால் துடைத்தார். "அன்னிக்கி ஜன்னலாண்ட கையில தூக்கனப்பவே எனக்குத் தெரிஞ்சிது. எடை கம்மியா இருக்கற மாதிரி இருந்துச்சு. கூடு வேற லேசா ஆடிச்சு. திருப்பிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். நீ சொன்னியே, பாய் பொய் சொல்லுவாரான்னு மாட்டனேன். ஒரு வார்த்த காதுல சொல்லியிருந்தின்னா, ஜுரம்னு சொல்லி படுத்துக்கினு இருந்திருப்பேன். அந்தப் புள்ளைக்கி இடுப்பு போயிருக்காது."

உதவி டிரைவரைத்தான் சொன்னார். தன் வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அந்தப் பையனின் ஊரை விசாரித்து இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அந்தப் பையனின் பெயர்கூடத் தெரியாது.

காகிதங்களைத் திரும்ப மடித்து, கவரில் போட்டு, என் கையில் கொடுத்தார். "இத்த வெச்சிக்கினு நான் யாருக்குக் காட்றது?" என்றார்.

எழுந்தேன். பஸ் நிற்கும் நெடுஞ்சாலைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். வெயில். கொஞ்ச தூரம் போயிருப்பேன், பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து நிறுத்தி, ஏறச் சொல்லித் தலையை ஆட்டினார். ஏறினேன். ரோட்டோரத்தில் இறக்கிவிட்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு, பஸ் வரும்வரை என்னோடு நின்றார். பஸ் வந்ததும் கையைக் காட்டி அவரே நிறுத்தினார்.

நான் படியில் கால் வைத்தபோது, "இனிமே வராத பாய்" என்றார்.

நான் அதற்குப் பிறகு போகவில்லை.